ஓர் ஆங்கிலேயருக்குச் சம்பந்தம் விசாரித்த கதை

1

இந்த இலையுதிர் காலத்தில் நான் ஓர் ஆங்கிலேயரின் வாரிசானேன். ஊரிலிருந்து இதை வாசிக்கும் நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் அத்தாட்சி என் காருக்குள் கிடக்கிறது. வட்டமான ஒரு ஸ்ரிக்கர். அதில் ஆங்கிலத்தில் 'வாரிசு' என்று அச்சடித்து, கீழே பேனையால் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். யோகநாதன் என்ற பெயர் எழுதிய வெள்ளைக்கார அம்மாவின் கையில் இரண்டாக உடைந்து 'யோகா நேதன்' ஆகிவிட்டது. குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டவே மூச்சு வாங்குகிற ஒருவனை யோகா என்று எழுத எப்படி மனம் வந்ததோ தெரியாது.

என் புதிய மூதாதையரின் பெயர் தோமஸ் ஹெதர்கில். சுமார் இருநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து கனடாவுக்குக் கப்பலேறி வந்து, விட்பி நகரையும் தாண்டி ஒரு காட்டுக்குள் இறங்கி, மரம் வெட்டி, வீடு கட்டி, பிள்ளைகள் பெற்று இறந்துபோனவர். அந்தச் சிற்றூரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் ஆளனுப்பி விசாரிப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

என்னைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். நான் சந்தேகக்காரன். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தால், வாங்குகிற ஒன்றில் என்ன பழுது என்றுதான் பார்ப்பேன். பனிக்காலத்தில் நல்ல வெயில் எறித்தால் யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டி, உண்மையான வெயிலா என்று பார்த்த பிறகே ஜாக்கெற்றைக் கழற்றுவேன். என் மனைவி வதனி சொல்லுவாள்: "இந்த மனிசன் கோயில்லை ஐயர் விபூதி குடுத்தாலும் மணந்து பாத்துத்தான் பூசும்." இது அபாண்டம். ஒரே ஒரு தடவைதான் மணந்து பார்த்தேன்.

2

ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் புட்டுக்குள் வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் பார்த்து எங்கள் ஒரே மகள் அபிராமி வந்து முன்னால் இருந்தாள். கை முழுக்கப் புட்டோடு இருப்பவன் எழும்பி ஓடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா, ஐ'ம் சீயிங் சம்வன்."

"ஆர்?"

"என்னோடை ஹொஸ்பிற்றல்லை வேலை செய்யிறவன். பேர் லியம் டூலன். அவன் வெள்ளை."

"எவ்வளவு வெள்ளை?"

"அப்பா!"

பயத்தில் வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த வதனி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சீனியைத் தேடினாள். அதிலிருந்தே அவளுக்கு இது முந்தியே தெரியும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அந்த வீட்டில் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரே ஆள் நான்தான்.

"கலியாணம் செய்யிற ஐடியாவிலைதான் இருக்கிறம்" என்றாள் அபி. "அடுத்த மாதம் அவன்ரை அம்மா அப்பாவைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவம். ஆனா ஒரு கொண்டிஷன். நோ விசாரிப்பு."

விசாரிப்பு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் எங்கள் சொந்தக்காரருக்குள் அந்தத் துறை என் பொறுப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். பிறம்ரனில் ஒரு மாப்பிள்ளை ட்ரக் கொம்பனி வைத்திருக்கிறார் என்று காலையில் தகவல் வந்தால், கொம்பனி யாருடைய பெயரில் இருக்கிறது, ட்ரக் ஓடுகிறதா நிற்கிறதா, முதல் நிச்சயம் ஏன் குழம்பியது எல்லாவற்றையும் மாலைத் தேத்தண்ணிக்கு முதல் சொல்லிவிடுவேன். இதற்குச் சில விதிகள் இருக்கின்றன. நேரே வீட்டுக்குப் போகக்கூடாது. பக்கத்துக் கடைக்குப் போகவேண்டும். சும்மா போகக்கூடாது, சின்னதாக ஏதாவது வாங்கவேண்டும். நண்பர்களிடம் கேட்கக்கூடாது, அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாத கோபக்காரரிடம் கேட்கவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, சொந்தக்காரரிடம் வாயே திறக்கக்கூடாது.

"நீங்கள் அவையளைப் பற்றி விசாரிச்சீங்கள் எண்டு தெரிஞ்சால்," அபி என்னுடைய கண்ணைப் பார்த்துச் சொன்னாள், "நாங்கள் சிற்றி ஹோல்லை போய் சைன் பண்ணிப்போட்டு வந்திடுவம். கார்ட் இல்லை, ஹோல் இல்லை, நீங்களும் இல்லை. ஐ மீன் இற், அப்பா."

வதனியின் கரண்டி கோப்பைக்குள் நின்றுவிட்டது. என் மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பயந்திருக்கமாட்டேன். சின்ன வயதிலிருந்து அவள் மெல்லிய குரலில் சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

எங்கள் கலியாணக் கார்டில் மாப்பிள்ளை பெண்ணின் பெயருக்கு முதல் யார் பெயர் வரும் என்று உங்களுக்குத் தெரியும். 'யோகநாதன் வதனி தம்பதிகளின் செல்வப் புதல்வி' என்ற அந்த ஒரு வரியை அபி பிறந்த நாளிலிருந்து மனத்துக்குள் அச்சடித்து வைத்திருக்கிறேன். எழுத்து தங்க நிறமா, குங்கும நிறமா என்பது மட்டும்தான் முடிவாகவில்லை.

"சத்தியமா விசாரிக்கமாட்டன்" என்றேன். புட்டுக் கையோடு செய்கிற சத்தியம் செல்லுமா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

3

பொடியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். வாசலில் யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினான். கழற்றியதோடு விடவில்லை, சுவரோரம் இரண்டையும் சோடி சேர்த்து, மூக்கு வெளியே பார்க்க வைத்தான். என் சொந்தச் சகோதரிகளின் பிள்ளைகள் இருபது வருடமாகச் செய்யாத வேலை. எனக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் தொடங்கிவிட்டது. உவனுக்கு ஆர் சொல்லிக்குடுத்தது?

"வணக்கம், அங்கிள்" என்றான். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். மிளகாய் கடிபட்டபோது கண்ணால் தண்ணீர் ஓட ஓட, "வெரி குட்" என்றான். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனான். நான் எதிரே இருந்து அவனை அளந்துகொண்டே இருந்தேன். ஒரு குறையும் வெளியே தெரியவில்லை என்றால் அதை எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

"உங்கடை குடும்பம் எங்காலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அபி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். இது விசாரிப்பு இல்லை, உபசாரம் என்று கண்ணாலே சொன்னேன். அவள் மிதித்த காலை எடுக்கவில்லை.

அவன் சந்தோஷமாகத் தொடங்கிவிட்டான். இருநூறு வருடமாக ஒரே ஊர். முதல் வந்தவர் தோமஸ் ஹெதர்கில் என்ற ஆங்கிலேயர். அவருடைய மகள் வழியில் வந்தவர்கள்தான் டூலன்கள். ஊரில் அவர் பெயரில் ஒரு றோட்டு இருக்கிறதாம். அவர் எடுத்து வைத்த கற்களில் இன்னும் ஒரு மதில் நிற்கிறதாம்.

அவன் போன பிறகு வதனி கேட்டாள்: "என்ன, பொடியன் எப்பிடி?"

"றோட்டு இருக்காம்."

"பிறகென்ன?"

"றோட்டுப் போட்டவன் ஆர், காணி ஆற்றை, ஆருக்குச் சொந்தம் எண்டு தெரியவேணுமெல்லோ?"

வதனி லைற்றை அணைத்தாள். நான் இருட்டில் இருந்து யோசித்தேன். விசாரிக்க ஒரு ஊர் கிடைத்துவிட்டது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிக் கேட்டால்தானே சத்தியம் மீறல்? இறந்தவரைப் பற்றிக் கேட்டால் அது சரித்திர ஆராய்ச்சி.

4

என்னையும் ஒரு காலத்தில் விசாரித்திருக்கிறார்கள். வதனியின் தகப்பனார் அனுப்பிய ஆள், எங்கள் ஊர்ச் சந்தியில் இருந்த சைக்கிள் கடையில் வந்து வால்வு ரியூப் ஒன்று வாங்கி, என்னைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார். கடைக்காரர் சொன்ன வாக்குமூலம் இன்றுவரை வதனி வீட்டில் மேற்கோள் காட்டப்படுகிறது: "பொடியன் பரவாயில்லை, சைக்கிள்தான் கறள்." அந்தத் துருவை நான் இன்றுவரை மறுக்கவில்லை.

கனடாவுக்கு வந்த புதிதில் இன்னொரு விசாரிப்பு. அகதி வழக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, உங்கள் தகப்பனாருக்கு எத்தனை சகோதரர்கள் என்று கேட்டார். எட்டு என்றேன். கொஞ்ச நேரம் வேறு கதை கேட்டுவிட்டு, திடீரென்று மீண்டும் அதே கேள்வி. ஏழு என்றேன். பேனையைக் கீழே வைத்தார். இடையில் ஒருவர் இறந்துவிட்டாரா என்று கேட்டார். இல்லை, ஒருவரோடு கோபம் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது, அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கு அப்போது சிரிப்பு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் கோபம் என்றால் ஆள் கணக்கில் இல்லை. இதில் என்ன பகிடி?

சரி, கதைக்கு வருகிறேன். துணைக்கு என் சகலன் பரமலிங்கத்தைக் கூப்பிட்டேன். வதனியின் அக்காவைக் கட்டியவர், ரெக்ஸ்டேலில் இருக்கிறார், எந்தக் கலியாணத்திலும் மாப்பிள்ளையைவிட முதல் வந்து நிற்பவர்.

"பரமண்ணை, ஒரு சம்பந்தம் விசாரிக்கவேணும்."

"ஆரைப் பற்றி?"

"இங்கிலீசுக்காரன். செத்து நூற்றைம்பது வருசமிருக்கும்."

மறுமுனையில் ரீவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "அப்ப கோபக்காரர் ஆரும் உயிரோடை இருக்கமாட்டினமே ஐசே. கஷ்டமான கேஸ்" என்றார்.

வதனியிடம் பிறம்ரனில் ஒரு செத்தவீடு என்று சொல்லிவிட்டு, கிழக்கே போகிற ஹைவேயில் ஏறினோம். செத்தவர் சம்பந்தப்பட்டதால் அது முழுப் பொய்யும் அல்ல. என் கார் பத்துப் பனிக்காலத்தின் உப்புத் தின்ற கார். கதவோரம் எல்லாம் கறள். விட்பி தாண்டியதும் புதுவீட்டு வரிசைகள் முடிந்து சோளக்காடு தொடங்கியது. பரமண்ணை யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இவ்வளவு காணியையும் ஒருத்தன் வந்து எடுத்தவனோ? சும்மா விட்டினமோ ஆக்கள்?"

"அதைத்தான் கேக்கப் போறம்."

5

விதிப்படி முதலில் கடை. டோனட் கடையில் சின்னக் கோப்பி வாங்கிக்கொண்டு, கல்லாவில் நின்ற பிள்ளையிடம் ஹெதர்கில் குடும்பத்தைப் பற்றிப் பொதுவாக விசாரித்தேன். "ஓ, அதுக்கு மியூசியத்துக்குப் போங்கோ" என்று கையைக் காட்டிவிட்டாள். பழைய பள்ளிக்கூடக் கட்டடம். வாசலில் 'அனுமதி இலவசம்' என்று இருந்தது. நானும் பரமண்ணையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உள்ளே ஒரு வயதான அம்மா, ஓடுகிற சப்பாத்துப் போட்டுக்கொண்டு, ஏணியில் நின்று ஒரு படத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். பெயர் மார்ஜரி என்று சட்டையில் இருந்தது. அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் கேட்ட கேள்விகளை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அது யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"ஹெதர்கில்லைத் தேடியோ வந்தனீங்கள்? உங்களுக்கு என்ன முறை?"

சும்மா வந்தோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சம்பந்தமில்லாதவனுக்கு யாரும் உள்வீட்டுக் கதை சொல்லமாட்டார்கள் என்பது அனுபவம். "சொந்தம்" என்றேன். பிறகு என் நிறத்தை நினைத்துக்கொண்டு, "கலியாணத்தாலை" என்று சேர்த்தேன். "டூலன் பக்கம்."

ஏணியில் இருந்து இறங்கிக் கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்தார். நீளமான பார்வை. "ஓ" என்றார். பிறகு எங்கிருந்தோ அந்த ஸ்ரிக்கரை எடுத்து, பெயரைக் கேட்டு எழுதி, என் நெஞ்சில் அழுத்தி ஒட்டினார். வெளியே கார்த் தரிப்பிடத்தைக் காட்டி, "அந்தக் கறள் கார் உங்கடையோ?" என்று கேட்டார். ஓமென்றேன். "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

இலவச அனுமதி, இலவசத் தேத்தண்ணி, அதோடு பிஸ்கற். பரமண்ணை என் காதுக்குள் சொன்னார்: "கவனம். என்னத்தையோ விக்கப் போறா."

நான் தொடங்கினேன். "இந்த வம்சத்திலை சுகர் இருக்கோ?"

"என்ன?"

"டயபீற்றீஸ். நெஞ்சு வருத்தம்? விசர், பைத்தியம் ஏதும்?"

"சுகரைப் பற்றி அந்தக் காலத்திலை ஆருக்குத் தெரியும்? விசர் எண்டால்…" யோசித்தார். "தோமஸின்ரை பேரன் ஒருத்தர் குதிரையை வீட்டுக்குள்ளை வைச்சிருந்தவராம்."

நான் பரமண்ணையைப் பார்த்தேன். கிடைத்துவிட்டது.

"ஏன் அப்பிடி?"

"குதிரைக்கு வயசு போட்டுது. வெளியிலை குளிர்."

பரமண்ணை மெல்ல, "அது விசரிலை வராது ஐசே" என்றார். எனக்கும் மனம் கொஞ்சம் தளர்ந்தது. அடுத்த கேள்விக்குப் போனேன்.

"தோமஸ் எடுத்த காணி முதல் ஆற்றை?"

மார்ஜரி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அரசாங்கம் குடுத்தது எண்டு சொல்லுவினம். ஆனா அதுக்கு முதல் இஞ்சை பூர்வீகச் சனம் இருந்தது. அவையைக் கேட்டுக் குடுக்கேல்லை. இந்தச் சுவரிலை இருக்கிற படம் ஒண்டிலையும் அவை இல்லை. கேக்கவேண்டிய கேள்விதான். பதில் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பிழையை ஒத்துக்கொள்கிற ஊர்க்காரரை என் அனுபவத்தில் கண்டதில்லை. உடனே என் ஸ்காபரோ வீட்டு மோட்கேஜ் பத்திரமும் ஞாபகம் வந்தது. அதிலும் அந்தச் சனத்தின் பெயர் இல்லை. ஆகவே மேற்கொண்டு கிண்டாமல் ஒரு பிஸ்கற் எடுத்தேன்.

இடையிடையே மார்ஜரியும் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை பிள்ளைகள்? ஒரு மகள் மட்டுமோ? அவவோடு கதைபேச்சு எப்படி? கலியாணம் கட்டினால் வேறு வீட்டில் இருக்க விடுவீர்களோ? நீங்கள் குடிப்பீர்களோ? கோபம் வந்தால் எவ்வளவு நாளைக்கு நிற்கும்? நான் பிஸ்கற்றைத் தின்றுகொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வயதான மனுசி, தனிய இருக்கிறா, கதைக்க ஆளில்லை என்று பரிதாபப்பட்டேன். ஊரையே விசாரித்தவன் புத்தி எங்கே போயிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். அது சொக்லற் பிஸ்கற்.

பிறகு அவர் எங்களை மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேப்பிள் மரங்களுக்குக் கீழே சாய்ந்த கற்கள். தோமஸின் கல் நடுவில், உயரமாக. பெண்களின் கற்கள் சுற்றி வர. ஒவ்வொன்றையும் தொட்டு வாசித்துக் காட்டினார். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள். அடுத்த கல்லிலும் அப்படியே. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள். கலியாணம் கட்டிப்போன பிறகும் கல்லில் தகப்பன்மார் விடாமல் நின்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எங்களுடைய கார்ட் மாதிரித்தான் என்று நினைத்தேன்.

வேலியோரத்தில் தனியாக ஒரு சின்னக் கல். சாரா. டூலனின் மனைவி. அவ்வளவுதான்.

"இவ ஆற்றை மகள்?" என்றேன்.

"தோமஸின்ரை. வேற ஆற்றை?"

நின்றுகொண்டே கதையைச் சொன்னார். காணிக்கு வாய்க்கால் வெட்ட வந்த ஐரிஷ் பொடியன்தான் முதல் டூலன். வேறு கோயில், வேறு நாடு, கையில் ஒன்றுமில்லை. சாரா அவனைத்தான் கட்டுவேன் என்றாள். தோமஸ் கத்தவில்லை, மறுக்கவுமில்லை. பொறு, விசாரிக்கவேணும் என்றார். கடல் கடந்து ஊருக்குப் போகிற ஒருவரிடம் சொல்லி, அப்படியே அயர்லாந்துக்கும் போய் டூலனின் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டு வரச் சொன்னார். கப்பல் போகவேண்டும், ஆள் நடக்கவேண்டும், திரும்பக் கப்பல் வரவேண்டும். சாரா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவனோடு போய் அடுத்த ஊர்க் கோயிலில் கட்டிக்கொண்டாள்.

"பிறகு ஆள் திரும்பி வந்ததோ?" என்று பரமண்ணை கேட்டார்.

"வந்தது. நல்ல சனம், ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லிச்சுது. அப்ப சாராவின்ரை கையிலை பிள்ளை. ரெண்டு வீட்டுக்கும் இடையிலை கூப்பிடு தூரம். தோமஸ் சாகும்வரைக்கும் போய்ப் பாக்கேல்லை. தோமஸின்ரை மகள் எண்ட அந்த வரியைக் கல்லிலை வெட்ட ஆரும் துணியவும் இல்லை."

"மழையிலை அரிச்சிருக்கும்" என்றார் பரமண்ணை.

"மற்றக் கல்லெல்லாம் அதே மழையிலைதான் நிக்குது" என்றார் மார்ஜரி.

நான் சந்தேகக்காரன் என்று சொன்னேனே. குனிந்து, மூச்சு வாங்க வாங்க, அந்தப் பெயருக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தேன். எழுத்து இருந்து அழிந்திருந்தால் ஒரு பள்ளமாவது தட்டுப்படும். ஒன்றுமில்லை. வழுவழுவென்று குளிர்ந்து கிடந்தது.

திரும்பி வரும்போது பரமண்ணை கேட்டார்: "அப்ப றிசல்ட் என்ன ஐசே? சம்பந்தம் சரியோ பிழையோ?"

நான் நெஞ்சிலிருந்த ஸ்ரிக்கரை உரித்துக் காருக்குள் போட்டேன். வழக்கத்தில் இந்த நேரம் மூன்று பேருக்கு ரெலிபோன் எடுத்திருப்பேன்.

6

சாப்பாட்டு நாள் வந்தது. வதனி மூன்று நாளாகச் சமைத்திருந்தாள். பரமண்ணை முதலில் வந்து நல்ல கதிரையில் இருந்துவிட்டார். மணி அடித்ததும் அபி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். லியம், லியத்தின் தாய், தகப்பன். அவர்களுக்குப் பின்னால், ஓடுகிற சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, மார்ஜரி.

"இவ என்ரை மாமி" என்றார் லியத்தின் தகப்பன். "அப்பாவின்ரை தங்கச்சி. வரவேணும் எண்டு ஒரே பிடிவாதம்."

சொந்தக்காரரிடம் வாயே திறக்கக்கூடாது. என் சொந்த விதி. பரமண்ணை எங்கள் வீட்டு முகட்டை அன்றுதான் முதல் தடவை பார்ப்பவர்போல ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"யோகா நேதன்!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தார் மார்ஜரி. "எங்கடை வாரிசு! எங்கை ஸ்ரிக்கர்?"

எல்லோரும் சிரித்தார்கள், பாதிப்பேர் விளங்காமலே. அபி சிரிக்கவில்லை. "எப்பிடி உங்களுக்கு அப்பாவைத் தெரியும்?" என்று கேட்டாள். மார்ஜரி ஒளிக்கவில்லை. மியூசியம், சுகர், குதிரை எல்லாம் வெளியே வந்தது. லியத்தின் தாய்க்குச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அபி கையிலிருந்த தட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். கதவை அடித்துச் சாத்தவில்லை. மெல்லச் சாத்தினாள்.

நான் பின்னால் போகும்போது மார்ஜரி என் சட்டைக் கையைப் பிடித்தார். "எங்கடை பக்கத்திலை விசாரிக்கிறது நான்தான்" என்றார் மெல்லிய குரலில். "அண்டைக்கே இவைக்குச் சொல்லிப்போட்டன். மனிசன் பரவாயில்லை, கார்தான் கறள்."

வேறு நேரமென்றால் அந்த இடத்திலேயே வதனியைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

அபி அந்தக் கறள் காரிலேதான் சாய்ந்துகொண்டு நின்றாள். ஜாக்கெற் இல்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். முப்பது வருடமாக எந்தச் சங்கடத்திலும் எனக்கு ஒரு பகிடி வந்திருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"ஒண்டே ஒண்டுதான் கேட்டனான்" என்றாள். "ஒன் திங், அப்பா."

"ஓம்."

"சத்தியம் பண்ணினீங்கள்."

"ஓம்."

"அப்ப ஏன்?"

பதிலாக சாராவின் கதையைச் சொன்னேன். தோமஸ் பொறு என்று சொன்னதை, கப்பலில் ஆளனுப்பியதை, நல்ல பதில் வந்ததை, அது வரும்போது கூப்பிடு தூரத்தில் ஒரு பேரப்பிள்ளை இருந்ததை. மற்றக் கற்களில் எல்லாம் தகப்பன் பெயர் இருந்ததை. அந்தக் கல்லில் விரலால் தடவிப் பார்த்ததை. அபி றோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஸோ?"

"அந்த மனிசன் கெட்டவர் இல்லை, பிள்ளை. விசாரிச்சு முடியட்டும் எண்டு இருந்தவர். அவ்வளவுதான். எனக்கு இன்னும் விசாரிச்சு முடியேல்லை. முடியவும் முடியாது. உவன் சப்பாத்தை ஏன் சோடி சேத்து வைக்கிறான் எண்டு எனக்கு இப்பவும் சந்தேகம்தான்." மூச்சு எடுத்துக்கொண்டேன். "பதில் வர முதலே சொல்லுறன். எனக்கு ஓம்."

காரின் கறளைச் சுரண்டினாள். ஒரு துண்டு பெயர்ந்து கையோடு வந்தது. அதைப் பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கார்ட்டிலை உங்கடை பேர் என்ன கலர்லை வேணும்?" என்றாள்.

"குங்கும நிறம்" என்றேன். "தங்க எழுத்து வாசிக்கேலாது."

குளிரில் அவள் தோள் நடுங்கியது. நான் என் ஜாக்கெற்றைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன். உள்ளே போகத் திரும்பியவள் படியில் நின்றாள். வீட்டுக் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. என்னதான் கண்டுபிடிச்சனீங்கள்? கிறேஸி ஆக்கள் ஆரும்?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கனடாவில் பிறந்த பிள்ளை, கோபத்திலும் ஆங்கிலம் பேசுகிற பிள்ளை, எங்களை விட்டு எங்கேயோ போய்விட்டாள் என்று எத்தனை பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன்.

"குதிரையை வீட்டுக்குள்ளை வைச்சிருந்த ஒருத்தர்."

"ஏன்?"

"வயசுபோன குதிரை. வெளியிலை குளிராம்."

"ஓ" என்றாள். முகம் மெல்ல இளகியது. "அது கிறேஸி இல்லை. தற்ஸ் சோ லியம்."

நான் கதவைத் திறந்தேன். குசினியில் வதனி வடைச் சட்டியோடு நின்றாள். மார்ஜரி அவளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, சுடச்சுட ஒரு வடையைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, மிகவும் அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"உங்கடை பக்கத்திலை சுகர் இருக்கோ?"